மோல்ஸ்பி சொன்ன வசனம்

என் கையெழுத்து வாசிக்கச் சிரமமானது. முப்பத்தெட்டு வருடம் கரும்பலகையில் எழுதியவனுக்குத் தாளில் எழுத்து வரிசையாக நிற்காது. நடந்ததை உங்கள் விசாரணைக் குழுவுக்குக் கையாலேயே எழுதித் தரும்படி அதிபர் அம்மா கேட்டதால் எழுதுகிறேன். விளங்காத இடங்களில் என்னைக் கூப்பிட்டுக் கேட்கலாம். வீடு இணுவிலில்தான். பின்னேரங்களில் நான் எங்கும் போவதில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பள்ளிக்கூடத்தில் பத்தாம், பதினோராம் தரங்களுக்கு ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறேன். அதற்குரிய நோட்ஸும் என்னுடையதுதான். யாழ்ப்பாணத்தில் எந்தப் போட்டோக்கொப்பிக் கடையிலும் கனகசபாபதி சேரின் நோட்ஸ் என்று கேட்டால், எத்தனை பிரதி என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. விஷயம் எவ்வளவு தூரம் பரவியது என்று நீங்கள் அறிய வேண்டும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு கவிதை படிப்பித்துக்கொண்டிருந்தேன். கிழவர் ஒருவர் பட்டுப்போன மரத்துக்கு ஒவ்வொரு பின்னேரமும் தண்ணீர் ஊற்றுகிறார். அவ்வளவுதான் கவிதை. வாசித்துவிட்டு உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள் என்றேன். எழுதினால் புள்ளி வருமோ என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை நான் எத்தனை வருடம் கேட்டிருப்பேன் என்று யோசியுங்கள். சரி, நானே சொல்கிறேன் என்று, கிழவரின் நம்பிக்கை இதில் தெரிகிறது என்றேன். முன்வாங்குப் பிள்ளை பேனையைத் தூக்கிக்கொண்டு, "சேர், உதை ஆர் சொன்னது?" என்றது.

"நான்தான் சொல்லுறன், பிள்ளை."

பிள்ளை பேனையை மூடி வைத்தது. மற்ற இருபத்தைந்து பேரும் மூடினார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்கு நீர் இறைக்கும் பழைய இயந்திரம் ஒன்று உண்டு. அதன் பித்தளைத் தகட்டில் மோல்ஸ்பி என்று பொறித்திருக்கும். மறுநாள் வகுப்புக்குப் போய், இங்கிலாந்துப் பேராசிரியர் எட்வின் மோல்ஸ்பி, கிழவரின் நம்பிக்கை இதில் தெரிகிறது என்கிறார் என்றேன். இருபத்தாறு பேனையும் ஓடின.

பொய் சொல்வதில் எனக்கு நாட்டமில்லை. ஆனால் பிள்ளைகள் கேட்டால் ஆசிரியர் பதில் சொல்லத்தான் வேண்டும். அப்படித்தான் மோல்ஸ்பிக்கு ஒரு கால் கொஞ்சம் கட்டையாகப் போனது. கலியாணமும் செய்யவில்லை. ஒருமுறை கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இரண்டு நாள் நின்றார். மயிலிட்டியில் ஒரு வீட்டில் நண்டு போட்ட ஒடியல்கூழ் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். துன்பியல் பற்றிய அவருடைய கட்டுரை அதற்குப் பிறகு எழுதியது. பரிசளிப்பு விழாவுக்கு அழைக்கலாம் என்று பழைய மாணவர் சங்கத்தார் முகவரி கேட்டார்கள். அன்றைக்கே அவர் காலமானார். காலைப் பிரார்த்தனையில் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். செபநாயகம் மாஸ்டர் என் தோளைத் தட்டி, "எங்கடை ஐயா அவரோடை கைகுலுக்கினவர், தெரியுமோ?" என்றார். நான் மறுக்கவில்லை. துக்கத்தில் நிற்கும் மனிதரை மறுப்பது பண்பல்ல.

பிறகு மோல்ஸ்பி இல்லாத விடைத்தாள் வருவது நின்றுபோயிற்று. மற்றப் பள்ளிக்கூடங்களிலும் அவருக்குப் புள்ளி போடத் தொடங்கினார்கள். நான் அடுக்குக்கணக்கில் திருத்துவேன். எல்லாத் தாளிலும் என்னுடைய வசனங்களே ஓடிக்கொண்டிருக்கும். தன் குரலையே நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவனின் எரிச்சல் உங்களுக்குப் புரியுமோ தெரியாது.

போன வருடம் இரண்டாம் தவணையில்தான் ஷம்னாவின் தாள் வந்தது. ஐந்து சந்தியடியில் தையல் கடை வைத்திருக்கிற கலந்தரின் மகள். புத்தளத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். ஆங்கில இலக்கியம் படிக்க வேண்டும் என்பதற்காகவே வேறு பள்ளிக்கூடத்திலிருந்து இங்கே மாறி வந்த பிள்ளை. நோட்ஸ் வாங்காதவள். மோல்ஸ்பியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், அந்தக் கிழவரைப் பற்றி இப்படி எழுதியிருந்தாள்: "அவர் மரத்தை உயிரோடு வைத்திருக்கவில்லை, தன் பின்னேரத்தை உயிரோடு வைத்திருக்கிறார்."

நாலு தரம் வாசித்தேன். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது, அதைக் குடித்தேன். பிறகு அவளுக்கு இருபதுக்கு ஏழு போட்டேன். பக்கத்தில் "ஆதாரம் இல்லை" என்று எழுதினேன். விதி எல்லாருக்கும் ஒன்றுதான்.

அடுத்த கிழமை நோட்ஸைப் புதுப்பித்தேன். அந்த வசனத்தைப் பதினான்காம் பக்கத்தில், மோல்ஸ்பி சொன்னதாகச் சேர்த்தேன். நல்ல வசனம் ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளையின் தாளில் கிடந்து வீணாகக் கூடாது. மார்க்கண்டுவின் அச்சகத்தில் 2019 என்று போட்ட பழைய அட்டைகள் மிச்சம் கிடந்தன. அவற்றையே போட்டுக் கட்டச் சொன்னேன்.

மூன்றாம் தவணையில் அதே கவிதை வந்தது. ஷம்னா அதே வசனத்தை எழுதினாள். இந்த முறை திருத்தியவர் கனிசியஸ் மாஸ்டர். நோட்ஸில் உள்ளதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தெழுதி, மோல்ஸ்பியின் பெயரையும் மறைத்துவிட்டாள் என்று தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பார்த்தெழுதினால் பூச்சியம். நாற்பதுக்குக் குறைந்தால் பதினோராம் தரத்தில் இலக்கிய வகுப்பில் இடமில்லை. இரண்டு விதியும் நான் வருவதற்கு முன்பே இருந்தவை.

அதிபர் அம்மாவின் அறையில் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்தபோது நானும் இருந்தேன். அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று கனிசியஸ் மாஸ்டர் கேட்டார். அவள் அழவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"வாப்பாவைப் பாத்து எழுதினன், சேர். இப்ப எல்லாரும் ரெடிமேட்தானே, ஆரும் தைக்க வாறேல்லை. எண்டாலும் ஒவ்வொரு காலமையும் கடை வாசல்லை தண்ணி தெளிச்சுக் கூட்டுவார். அது கடைக்காக இல்லை, சேர். அவரின்ரை காலமைக்காக."

கனிசியஸ் மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து நோட்ஸை எடுத்துப் பதினான்காம் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தேன். அட்டையில் இருந்த வருடத்தை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். அது பழைய அட்டை என்று நான் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவில்லை.

வாசலில் கலந்தர் நின்றார். "என்ரை பிள்ளை பொய் சொல்லாது, சேர்" என்றார். எனக்கும் தெரியும் என்றேன். அது உண்மை.

மனிதர் அதோடு விடவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு மார்க்கண்டுவிடம் போயிருக்கிறார். மார்க்கண்டு கணினியைத் திறந்து, பதினான்காம் பக்கம் எந்தத் திகதியில் சேர்த்தது என்று காட்டிவிட்டான். அவளுடைய இரண்டாம் தவணைத் தாளில் என் சிவப்பு மை இருக்கிறது, திகதியோடு. மிச்சம் நீங்கள் அறிந்ததே.

அதிபர் அம்மாவின் கடிதத்தில் கேள்வி ஒன்றுதான். அந்த வசனம் ஷம்னாவினுடையது என்று தெரிந்துகொண்டா செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஓம். தெரிந்துகொண்டுதான் செய்தேன். அந்த அறையில் வாயைத் திறந்திருந்தால் பிள்ளையின் இடம் தப்பியிருக்கும் என்பதும் தெரியும். முப்பத்தெட்டு வருடமாக ஒரு பிள்ளையாவது தன் சொல்லில் எழுதாதா என்று காத்திருந்தவன் நான். எழுதியபோது, அது என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதற்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை.

அவளைத் திரும்பவும் வகுப்பில் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. அவள் மனையியல் வகுப்பில் இருப்பதாகவும், கவிதை பற்றி இனி ஒன்றும் எழுதமாட்டேன் என்று கனிசியஸ் மாஸ்டரிடம் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். சின்னப் பிள்ளை, மாறிவிடும்.

என் பக்கத்தில் செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்துவிட்டேன். மோல்ஸ்பி என்று ஒருவர் இல்லை. அவர் சொன்னதெல்லாம் நான் சொன்னதுதான். ஆகையால் புதிய பதிப்பில் எல்லாப் பக்கங்களிலும் அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டிருக்கிறேன், பதினான்காம் பக்கம் உட்பட. பிள்ளைகளுக்குப் பொய்யைப் படிப்பிக்கக் கூடாது.