படுத்தவனுக்கே பெனால்டி

இந்த ஸ்டேஷனில் டீ நன்றாக இருக்கிறது, சார்ஜென்ட். எங்கள் கிளப்பில் டீ என்று சொல்லி ஊற்றுவது வெறும் கழுநீர்.

எனக்கு வேலை கரும்பு ஆலையில், ஃபிட்டர். சனிக்கிழமை மதியம் மட்டும் கால்டர்ஸ் கிரீக் அணியின் டிரெயினர். நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலும் ஈரத்துணியுமாக மைதானத்துக்குள் ஓடுவேன். ஆட்டம் நடக்கும்போதே உள்ளே நுழைய அந்தச் சட்டைக்கு மட்டும் அனுமதி உண்டு.

ரக்பி லீக் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள். பந்தோடு ஓடுபவனை மறித்துத் தள்ளலாம், மூன்று பேர் மேலே விழுந்து நசுக்கலாம். அதெல்லாம் அன்பு. கழுத்துக்கு மேலே கை பட்டால்தான் பெனால்டி. நல்ல சட்டம்தான். ஆனால் அடி வாங்கியவன் ரோஷமாக உடனே எழுந்துவிட்டால் நடுவர், "ஆடு, ஆடு" என்று கையை வீசிவிடுவார். படுத்தே கிடந்தால் ஆட்டத்தை நிறுத்துவார், தாடையைத் தடவுவார், யோசிப்பார், விசில் ஊதுவார். எழுந்தவனுக்கு ஒன்றும் கிடையாது, படுத்தவனுக்குப் பெனால்டி. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

அதனால் எங்கள் பையன்களுக்குப் படுக்கக் கற்றுக்கொடுத்தேன். தாடையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒரு புரளல் புரள வேண்டும், பிறகு அசையக் கூடாது. நான் முதுகில் இரண்டு தட்டு தட்டினால் படுத்திரு, காதைக் கிள்ளினால் எழுந்திரு. நடுவர் பக்கத்தில் நின்றாலும் புரியாது. "மரத்து மேல எவனாச்சும் துப்பாக்கியோட உக்காந்திருக்கானா? உங்காளுங்க மட்டும் பொத்துப் பொத்துன்னு விழறாங்க!" என்று எதிரணி ஆட்கள் வேலியோரம் நின்று கத்துவார்கள். கத்தட்டும். கோப்பை எங்கள் அலமாரியில் இருந்தது.

கோரி வான்ஸ்டன் மட்டும் முரண்டு பிடித்தான். கரும்பு அறுவடை வண்டி ஓட்டுகிறவன். பெனால்டி கிடைத்தால் இரண்டு கம்பத்துக்கும் நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுக்க எங்கள் அணியில் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"இது கேவலம், ரெஜ். எங்கப்பா பாத்தா காறித் துப்புவாரு."

"உங்கப்பா எத்தனை கப்பு ஜெயிச்சாரு?"

அடுத்த சனிக்கிழமையே படுத்துப் பார்த்தான். பழகிக்கொண்டான். பழகினான் என்று சொல்வதே குறைச்சல். நாடகக் கம்பெனி ஒன்று இருந்திருந்தால் கொத்திக்கொண்டு போயிருக்கும். அவனைப் பற்றி எனக்கு உண்மையிலேயே பெருமை, சார்ஜென்ட்.

இறுதிப் போட்டியில், ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் இரண்டு பக்கமும் புள்ளி சமமாக இருந்தது. மில்பரோ அணிக்காரன் ஒருவனின் முழங்கை கோரியின் தாடையில் இறங்கியது. கோரி விழுந்தான். தாடையைப் பிடிக்கவில்லை, புரளவும் இல்லை. இவன் ஏன் பாடத்தை மறந்தான் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. ஓடிப்போய் முதுகில் இரண்டு தட்டு தட்டினேன். தட்டியிருக்கவே தேவையில்லை.

நடுவர் தாடையைத் தடவினார், விசில் ஊதினார். பெனால்டி, கம்பத்துக்கு நேர் எதிரே. சின்னப் பிள்ளைகூட உதைக்கலாம், ஆனால் எங்கள் மற்ற ஆட்களை நம்ப முடியாது. இங்கேதான் இன்னொரு சட்டம் குறுக்கே வருகிறது. தலையில் அடிபட்டுத் தடுமாறுகிறவனை வெளியே அனுப்ப வேண்டும். எங்களைப் போன்ற சிற்றூர்ப் போட்டியில் டாக்டர் ஏது? டிரெயினர் சொல்வதுதான் முடிவு.

"பெனால்டி கிடைச்சிடுச்சு, மாப்ள. எழுந்திரு."

கண்ணைத் திறந்தான். ஒரு கண்ணின் கருமணி சின்னதாகவும் இன்னொரு கண்ணில் பெரிதாகவும் இருந்தது. அப்படி இருந்தால் ஆளை அசைக்கக் கூடாது என்று முதலுதவி வகுப்பில் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தச் சான்றிதழ் கிளப் சுவரில் தொங்குகிறது.

"ரெஜ், வண்டிய யாரு ஓட்டுறா?" என்றான்.

நான் உரக்கச் சிரித்தேன், நடுவர் அதை ஜோக் என்று நினைக்கட்டும் என்பதற்காக.

"நெஜமா நல்லாருக்கானா, ரெஜ்?"

"நல்லாருக்கான், சார்."

"நடிக்கிறான், சார்! என்னைக்குதான் இவன் நடிக்கல?" என்று மில்பரோக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். எதிரணியே எனக்குச் சாட்சி சொன்னது. காதைக் கிள்ளினேன். எழுந்து நின்றான்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டான். தோளைப் பிடித்துக் கம்பத்தின் பக்கம் திருப்பிவிட்டேன். பந்து நடுவில் போனது. இரண்டு புள்ளியில் ஜெயித்தோம்.

உடைமாற்றும் அறையில் மறுபடி விழுந்தான். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எழுந்திருடா, விசில் ஊதியாச்சு! இன்னும் யாருக்குடா நடிக்கிற?" என்று அவன் முகத்தில் பீரை ஊற்றினார்கள். அவன் கண்ணைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நானும் ஊற்றினேன். எல்லாரும் ஊற்றும்போது நான் மட்டும் ஊற்றாமல் நின்றால் சந்தேகம் வரும் அல்லவா.

உடனே படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராம். இப்போது இயந்திரம்தான் மூச்சு விடுகிறது. அதை நிறுத்தலாமா என்று அவன் மனைவி டாரினைக் கேட்டிருக்கிறார்கள்.

நேற்று போயிருந்தேன். டாரின் முகம் கழுவ வெளியே போனதும் குனிந்து அவன் காதைக் கிள்ளினேன். கொஞ்சம் பலமாகவே கிள்ளினேன். அவன் அசையவில்லை. என் பேச்சை அவன் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அவனைக் கொன்றேன் என்று ஊரே பேசுகிறது. படுத்தே கிடக்க வைத்துக் கெடுத்தேனாம். மற்ற நாட்களில் வைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு, சார்ஜென்ட், நான் அவனை எழுந்திருக்கத்தான் சொன்னேன்.