ஒரு பெண்ணுக்கு இரண்டு டோக்கன்

மேடையில் வீற்றிருக்கும் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே, மருத்துவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, அக்காவின் அருமை மகளே, என்னோடு பணிபுரியும் தோழர்களே, இடம் போதாமல் சுவரோரம் நிற்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். நிற்கும் தாய்மார்களுக்கு மட்டும் இன்னொரு வணக்கம். ஏன் இரண்டு என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் கூடுதலாக எடுத்துக்கொள்வேன், கோபமாகத்தான் பேசுவேன்.

பின்னால் தொங்கும் பதாகையைப் படித்தேன். 'என்றும் சிரித்த முகம், சாந்தமே உருவானவர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். யாரைச் சொல்கிறீர்கள்? இருபத்தாறு வருடம் இந்த மருத்துவமனையின் முதல் ஜன்னலில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தவரையா? ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது, பத்து நாளுக்கு முன்பு, மூளையில் ரத்தக்குழாய் வெடித்துப் போய்ச் சேர்ந்தாரே, அவரையா? நான் நான்காவது ஜன்னலில் மருந்து கொடுப்பவள். நடுவில் கண்ணாடித் தடுப்புகள் இருந்தும் அவர் போடும் சத்தம் எனக்குக் கேட்கும். நம் டோக்கன் அக்கா சாந்தமானவர் இல்லை. கோபக்காரர். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதை மறைத்துவிட்டு அவரை வெறும் படமாக மாட்ட நான் விடமாட்டேன்.

அக்காவுக்கு அது நாற்பத்துமூன்று வயதில் தொடங்கியது. உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். மின்விசிறிக்குக் கீழேயே முதுகு நனையும். தூக்கம் போயிற்று. மாதவிலக்கு ஒரு மாதத்தில் இருமுறை வந்தது, அப்புறம் இரண்டு மாதம் எட்டியே பார்க்கவில்லை. இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவருக்கு மறதியைத்தான் பொறுக்க முடியவில்லை. நானூறு பேரை வரிசை பிசகாமல் அனுப்பும் மனுஷி, கூப்பிட்ட எண்ணையே திரும்பக் கூப்பிட்டார். வரிசையில் சண்டை மூண்டது. ஊழியர் கழிப்பறைச் சுவரில் சாய்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "எனக்குப் புத்தி கலங்குதுடி. அசிங்கப்படுறதுக்கு முன்னாடி வேலைய விட்டுடணும்." ராஜினாமாக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தார்.

மருத்துவமனையில் வேலை பார்ப்பவருக்கு மருத்துவருக்கா பஞ்சம்? இதே கட்டடத்தில் ஐந்து பேரைப் பார்த்தார். முதலாமவர் டென்ஷன் என்றார். இரண்டாமவர் ஈசிஜி எடுத்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, வெறும் டென்ஷன் என்றார். மூன்றாமவர் தூக்க மாத்திரை எழுதினார். நான்காமவர் பெண் மருத்துவர். இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஐந்தாமவர் நிமிர்ந்தே பார்க்காமல், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று அக்காவின் கணவரிடம் கேட்டார். நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கிறார், கேள்வி போவதோ பக்கத்து நாற்காலிக்கு.

அந்த மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தது இந்தக் கைதான். டென்ஷனைக் குறையுங்கள் அக்கா என்று நானும் சொல்லி அனுப்பினேன். ஆறாவது ஆள் நான். என் மேல் எனக்குள்ள கோபமும் இந்தப் பேச்சில் சேர்ந்திருக்கிறது.

பிறகு அந்த ஐவரில் ஒருவர் விடுப்பில் போக, அவருக்குப் பதிலாக இரண்டு வாரத்துக்கு ஒரு மருத்துவர் வந்தார். அக்கா தனக்கு ஒரு டோக்கன் போட்டுக்கொண்டார். போட்டதை மறந்து இன்னொன்றும் போட்டுக்கொண்டார். உள்ளே போனவர் நான்கு நிமிடத்தில் சத்து மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்தார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டால், அதுவும் இவருடையது. வெட்கத்தோடு கதவைத் திறந்து, மறந்துபோய் இரண்டு போட்டுவிட்டேன் டாக்டர் என்றார். அந்த மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மறதி வேற இருக்கா? உட்காருங்க. இன்னொரு டோக்கனுக்கு நேரம் இருக்கே. மாதவிலக்கு எப்படி வருது?"

ஐந்து பேரும் கேட்காத கேள்வி. கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? ரத்தத்தையும் தைராய்டையும் பரிசோதித்துப் பார்த்துவிட்டு அந்த மருத்துவர் விளக்கினார். மாதவிலக்கு நிற்பதற்கு முன்னால் சில வருடம் உடம்பு இப்படி ஆட்டம் காட்டும், அதற்குப் பெரிமெனோபாஸ் என்று பெயர், படபடப்பும் மறதியும் அதில் சேர்த்தி, சிகிச்சையும் உண்டு என்றார். அக்கா நேராக என் ஜன்னலுக்கு வந்து, "இதுக்குப் பேர் இருக்காம்டி" என்று சொல்லி அழுதார். ராஜினாமாக் கடிதத்தை நான்காகக் கிழித்து என் குப்பைக்கூடையில் போட்டார். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அது கடைசிவரை தணியவே இல்லை.

அன்று முதல், நாற்பதைத் தாண்டிய பெண் ஒருவர் ஜன்னலுக்கு வந்து தூக்கமில்லை, படபடப்பு என்றால், கையில் இரண்டு டோக்கன். ஒவ்வொரு டோக்கனுக்கும் தனிச் சீட்டு எழுத வேண்டும் என்பது இங்கே விதி. முதல் சீட்டில் டென்ஷன் என்று எழுதியவர் இரண்டாவதில் என்ன எழுதுவார்? கேள்வி கேட்டுத்தானே ஆக வேண்டும்? ஒருவருக்கு ஏன் இரண்டு என்று வரிசையில் ஒரு மனிதர் கத்தினார். அக்கா சொன்னார்: "உங்களுக்கு ஒரு வியாதி. இவங்களுக்கு ரெண்டு. ஒண்ணு உடம்புல இருக்கிறது, இன்னொண்ணு யாரும் நம்பாதது." அந்த இரண்டாவது டோக்கனில்தான் ஒருவருக்குத் தைராய்டு கோளாறு தெரிந்தது, ஒருவருக்குக் கருப்பைக் கட்டி தெரிந்தது. வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்க இருந்த கணக்கு டீச்சர் ஒருவர் இன்று தலைமையாசிரியை. அதோ, கதவருகே நிற்கிறார்.

இதற்காக அக்காவுக்கு மூன்று மெமோ. கண்காணிப்பாளர் ஐயா, மூன்றிலும் உங்கள் கையெழுத்து. அக்கா அவற்றை வீணாக்கவில்லை. பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருந்தது? அதில் கட்டம் போட்டு, மாதவிலக்கு என்றைக்கு வந்தது, எத்தனை நாள் இருந்தது, தூங்கினோமா, வியர்த்ததா என்று குறித்துக் காட்டுவார். "வாயால சொன்னா டென்ஷன்னுவாங்க. எழுதி மேசைல வச்சா படிச்சுத்தான் ஆகணும்." தாய்மார்களே, அந்தக் கட்டத்தைப் பார்த்தவர்கள் கையை உயர்த்துங்கள். ஐயா, இப்போதாவது நிமிர்ந்து பாருங்கள்.

எனக்கு முன் பேசிய ஐயா ஒரு நல்ல செய்தி சொன்னார். அக்காவின் இடத்தில் வேறு ஆள் கிடையாதாம். திங்கள்கிழமை முதல் டோக்கன் இயந்திரமாம். ஒருவருக்கு ஒன்று, இனி குழப்பம் இருக்காதாம். இரங்கல் கூட்டத்தில் இதைச் சொல்ல அவருக்கு மனம் வந்தது.

அந்த இயந்திரத்தை நேற்றே இறக்கிவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு பச்சைப் பொத்தான். அதற்கு உங்கள் பெயர் தெரியாது, வயது தெரியாது, ஐயாவின் விதியும் தெரியாது. அமுக்கினால் டோக்கன் வரும். என் ஜன்னலிலிருந்து அது நன்றாகத் தெரிகிறது. கூச்சப்பட்டு ஒன்றோடு நகர்பவர்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அக்காவின் படத்துக்கு முன் நான் கொடுக்கும் வாக்கு அவ்வளவுதான்.

தாய்மார்களே, பொத்தானை இரண்டு தடவை அமுக்குங்கள். மெமோ என் பெயருக்கு வரட்டும். கட்டம் போட எனக்கும் தாள் வேண்டும்.