மூடிக்கு மேல் ஒரு கையெழுத்து

மருந்துக் கடை வேலையில் கஷ்டமானது நிற்பதுதான். படிக்கும் காலத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. மாலையானால் கால் வீங்கிச் செருப்புக்குள் அடங்காது. நாற்காலி கொடுத்து, அவசரமில்லாமல் சொல்லுங்கள் என்றீர்களே, அதற்கு நன்றி. எனக்கு நடுநடுவே நிறுத்தித்தான் பேச வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடை நகரத்தின் நடுவில், பேருந்துகள் திரும்பும் மூலையில் இருக்கிறது. முன்னால் கவுண்டர். பக்கத்தில், ரத்த அழுத்தம் பார்க்கவும் தடுப்பூசி போடவும் கதவு வைத்த ஒரு சின்ன அறை. பின்னால் நீளமான மேசை. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு அந்த மேசையில்தான் வாரப் பெட்டி தயாராகும். ஒரு வாரத்து மாத்திரைகளை நாள்வாரியாக, வேளைவாரியாகப் போட்டுவைக்கும் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் பெட்டி அது. விதி எளிமையானது. மாத்திரை போடுகிறவர் பெட்டியை மூடக் கூடாது. இன்னொருவர் ஒவ்வொரு குழியையும் மருத்துவரின் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, மூடி, மேலே கையெழுத்துப் போட வேண்டும்.

நாங்கள் இருவர். அவள் என்னோடு படித்தவள். பிறகு என் அண்ணனைக் கட்டிக்கொண்டாள். அதற்குத் தூது போனதும் நான்தான். வீட்டில் அண்ணி, கடையில் வாடி போடி. நான் போட்ட பெட்டியை அவள் பார்க்க மாட்டாள். அவள் போட்டதை நான் பார்க்க மாட்டேன். “நீ போட்டா சரியாத்தான்டி இருக்கும்” என்று சொல்லி மூடிவிடுவோம். சோம்பேறித்தனம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றியதில்லை. இந்த உலகத்தில் ஒருத்தியாவது என் கையைச் சோதிக்காமல் நம்புகிறாள் என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் வந்தார். குளிர்பெட்டியின் வெப்பநிலை, காலாவதித் தேதிகள், பூட்டி வைக்க வேண்டிய மருந்துகள் எல்லாம் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. பிறகு எங்களைத் தனித்தனியாக அந்தச் சின்ன அறைக்குள் கூப்பிட்டு, வாரப் பெட்டிகளை நிஜமாகவே இரண்டு பேர் பார்க்கிறீர்களா என்று கேட்டார். பார்க்கிறோம் என்றேன். அவள் உள்ளே போனவள் வெளியே வர நேரமானது. தான் பார்ப்பதாகவும், நான் பல சமயம் பார்க்காமலே கையெழுத்துப் போடுவதாகவும் சொல்லியிருந்தாள்.

வாசலில் பொறுப்பு மருந்தாளுநர் என்று என் பெயர் போட்ட பலகை இருந்தது. முதலாளி அதைக் கழற்றிவிட்டு அவள் பெயரை மாட்டினார். சரிபார்க்கும் வேலை எனக்கு இனிமேல் இல்லை. பின்மேசையில் உட்கார்ந்து, இல்லை, நின்று, பெட்டியில் மாத்திரை போட வேண்டியது. அவள் பார்க்க வேண்டியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் அவளே எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

“மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதடி. அந்த ஆளு விடுறதா இல்ல. ரெண்டு பேர்ல ஒருத்தர் தலை உருளணும். எனக்குப் புள்ளைங்க இருக்கு, வீட்டுக் கடன் இருக்கு. நீ தனி ஆளு, தாங்கிக்குவே.”

“சரி” என்றேன்.

“சர்க்கரை போதுமா?”

“போதும்.”

வேறு எதுவும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவளுக்கு அது முடிந்துபோன விஷயம்.

முதல் சில வாரங்கள் ஒவ்வொரு குழியாகக் குனிந்து, விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள். உறுத்தியது, ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. நம்பத் தகாதவள் என்று சொன்னாய், பார், நன்றாகப் பார் என்று நானும் பக்கத்தில் நிற்பேன். பிறகு ஒரு நாள், கைபேசியைத் தோளில் இடுக்கியபடி வந்து, பெட்டியைப் பார்க்காமல் மூடிக் கையெழுத்துப் போட்டாள்.

“பார்க்கலையா?” என்றேன்.

“நீ போட்டா சரியாத்தான்டி இருக்கும்.”

உங்களுக்கு இது புரிகிறதா என்று தெரியவில்லை. என்னை நம்ப முடியாது என்று சொல்லி என் இடத்தை வாங்கிக்கொண்டவள், என்னை நம்பி மூடியை மூடுகிறாள். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். எது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஒரு பெட்டியில் சத்து மாத்திரை ஒன்றைக் கூடுதலாகப் போட்டு வைத்தேன். அவள் பார்க்கவில்லை. வெளியே போகும் முன் நானே எடுத்துவிட்டேன். நான் பொறுப்பில்லாதவள் அல்ல. ஆனால் சத்து மாத்திரை ஒரு சோதனையே இல்லை என்று பிறகு பட்டது. அவளுக்குப் பிடித்த ஒருவரின் பெட்டி என்றால் கட்டாயம் பார்ப்பாள்.

அவளுக்கு லிஃப்ட் ஐயாவைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர். அவர் இருந்த கட்டடத்திலேயே லிஃப்ட் ஓடாது. “டாக்டர் வீட்டுல தலைவலி மாத்திரை இருக்காதாம், அது மாதிரிதான்மா” என்பார். மூட்டு வாதத்துக்காக ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை சாப்பிட்டு வந்தார். வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பது மருந்துக் கடையில் நிற்கிற எவருக்கும் தெரியும். ஒரு குழியில் இருக்க வேண்டிய அதை எல்லா நாள் குழியிலும் வைத்தேன். மஞ்சள் நிறம், கண்ணில் படாமல் போகாது. பெட்டியை விரியத் திறந்து அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் கைபேசியில் தன் மகனுடன் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டே மூடிவிட்டாள்.

டெலிவரிக்காரர் பெட்டியைப் பையில் எடுத்து வைத்தார். “லிஃப்ட் ஐயாவுக்கா? அப்போ எனக்கும் ஒரு முட்டி வலி மாத்திரை குடுங்க சிஸ்டர், அத்தனை படி” என்றார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சரிபார்ப்பது என் வேலை இல்லை என்று எழுத்து மூலம் எனக்குத் தெரிவித்திருந்தார்கள்.

அடுத்த வாரப் பெட்டியையும் அப்படியே போட்டேன். முதல் முறை அவள் கவனம் மகன் மேல் இருந்தது; அதை வைத்து ஒருத்தியை முடிவு கட்டுவது நியாயமாகாது. இரண்டாம் முறை கைபேசி இல்லை. மூடினாள். கையெழுத்துப் போட்டாள்.

சில நாளில் லிஃப்ட் ஐயா கூப்பிட்டார். குரல் குழறியது.

“வாயெல்லாம் புண்ணும்மா. தண்ணி கூட எறங்கல. உங்க கைராசி எங்க போச்சு?”

“உப்புத் தண்ணியில கொப்பளிங்க ஐயா. சூடா எதுவும் வேண்டாம்.”

“பெட்டியில இருக்கிறதைச் சாப்பிடட்டுமா?”

“விடாம சாப்பிடுங்க.”

யாருடி என்று அவள் கேட்டாள். லிஃப்ட் ஐயா, வாய்ப்புண்ணாம் என்றேன். அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த மாத்திரை, வாய்ப்புண், இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு ஒரு நொடி போதும். படித்தவள்தானே. “வெயில் சூடா இருக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போனாள். அவளுக்கு நான் கொடுத்த வாய்ப்புகளை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அவர் மருத்துவமனையில் இறந்தார். வெளியூரில் இருந்து மகள் வந்து, பாதி தீர்ந்த பெட்டியைக் கவுண்டரில் வைத்தாள். மூடியில் என் அண்ணியின் கையெழுத்து இருந்தது.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் இன்று வந்ததற்குக் காரணம், அவள் உங்களிடம் கொடுத்த வாக்குமூலம். அண்ணன் அழுதுகொண்டே சொன்னார். “அவ அப்படித் தப்புப் பண்ற ஆளே இல்ல, சரிபார்க்கும்போது நான்தான் எங்கேயோ கைதவறி மாத்திப் போட்டிருப்பேன்” என்று சொன்னாளாம். இவ்வளவுக்குப் பிறகும் அவள் பார்க்கவில்லை. என் முகத்தைக்கூட.

கைதவறவில்லை. ஒவ்வொரு மாத்திரையையும் நான்தான் வைத்தேன், தெரிந்தே வைத்தேன். ஆனால் எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள்: அவள் பார்த்துவிடுவாள் என்று நம்பித்தான் வைத்தேன். இந்த விஷயத்தில் நம்பி மோசம் போனது நான் ஒருத்திதான்.