அசனத்து இலை

டார்லின்: "ஜூன் 12, வியாழன். இன்று மாலை பிற சமயங்களைப் பற்றிய வகுப்பில் ஒரு சின்னத் தவறு செய்தேன். அரிசி, துணி, வீடு என்று மனிதனுக்குத் தேவைப்படும் பொருளெல்லாம் அழுக்கு, அதை விட்டு விலகுவதே ஞானம் என்று யூத ஞானிகள் சொன்னதாக எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அவர்கள் சொன்னது அதற்கு நேர்மாறு என்று யாசர் சார் திருத்தினார். பாடத்தை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் போனேன். அப்படியும் எனக்கு இப்படித்தான் ஆகிறது." அத்தான், இதுதான் நான் நேத்து எழுதுனது.

ஜேசுதாசன்: இதையெல்லாமா எழுதி வைப்பாவ? தப்பு பண்ணுனா அத அங்கனயே விட்டுட்டு வரணும்ட்டி. பாளையங்கோட்டைல இருந்து பஸ்ஸுல ஏத்தி வீடு வரைக்கும் கொண்டாந்திருக்க.

டார்லின்: எழுதி வச்சாத்தான் மறுக்கா பண்ண மாட்டேன்.

ஜேசுதாசன்: போன மாசமும் இதையேதான் சொன்ன.

டார்லின்: சும்மா இருங்க. நெத்தியக் காட்டுங்க... காய்ச்சல்னீயல்லா? சில்லுன்னு இருக்கு.

ஜேசுதாசன்: உள்காய்ச்சல். தொட்டாத் தெரியாது.

டார்லின்: உள்காய்ச்சலோட ரெண்டு தட்டு சோறு எறங்குச்சே.

ஜேசுதாசன்: பெலம் வேணும்லா... இந்தா, நாளைக்கு அசனத்துக்கு நீ மட்டும் போயிட்டு வா. நான் வரல.

டார்லின்: நம்ம கோயில் அசனத்துக்கு நீங்க வரலியா? ஊரே ஒரு பந்தியில உக்காந்து சாப்பிடுத அன்னைக்கு நீங்க மட்டும் இங்கன தனியா...

ஜேசுதாசன்: அத விடு. அந்த யாசர் சார் என்ன திருத்துனாரு? அதச் சொல்லு.

டார்லின்: பேச்ச மாத்துதீய.

ஜேசுதாசன்: படிப்புச் செலவு எதுக்குன்னு தெரிய வேண்டாமா? சொல்லுட்டி.

டார்லின்: எனக்கே முழுசா வெளங்குச்சான்னு தெரியல. சொல்லிப் பாக்கேன். ஆதியில தெய்வ ஒளியத் தாங்க மாட்டாம பாத்திரமெல்லாம் ஒடஞ்சிருச்சாம். அந்த ஒளி பொறிபொறியாச் செதறி, ஒலகத்துல உள்ள ஒவ்வொரு பொருளுக்குள்ளயும் ஒளிஞ்சு கெடக்காம். சோத்துல, உப்புல, ஒரு முழத் துணியில கூட.

ஜேசுதாசன்: வாழையில?

டார்லின்: வாழையிலயும்தான். நமக்குப் பசிச்சா வயிறு மட்டும் கேக்கலியாம். அந்தச் சோத்துக்குள்ள கெடக்க பொறிய ஆத்துமா தேடுதாம். நல்ல நெனப்போட சாப்பிட்டா அந்தப் பொறிக்கு விடுதலையாம். அதனால தேவைங்கது கேவலம் இல்ல. நம்ம எந்தப் பொறியத் தேடிப் போகணும்னு அதுதான் வழி காட்டுதாம்.

ஜேசுதாசன்: அப்ப போன வருசம் நான் மூணு தடவ கறிச்சோறு வாங்குனது...

டார்லின்: அது பெருந்தீனி.

ஜேசுதாசன்: எத்தன பொறியக் காப்பாத்துனேன்! நீ என்னன்னா... சரி, கடைசில என்னதான் ஆவுமாம்?

டார்லின்: மேசியா வார காலத்துல பசி இருக்காதாம். பொறாமை இருக்காது, போட்டி இருக்காது.

ஜேசுதாசன்: மேசியா வந்தாச்சேட்டி.

டார்லின்: நமக்கு வந்தாச்சு. அவிய இன்னும் காத்துக்கிட்டு இருக்காவ. நானும் கை தூக்கி இதையேதான் சொன்னேன். 'அவங்க கண்ணால பாக்கதுக்குத்தான் வகுப்பு'ன்னுட்டாரு சாரு. அந்தக் காலத்துல விருந்துச் சாப்பாடெல்லாம் தெருப்புழுதி மாதிரி கொள்ளக் கெடக்குமாம்.

ஜேசுதாசன்: கெடக்கட்டும். எதுல வச்சுத் திம்பாவ? எல வேணும்லா?

டார்லின்: வந்துட்டீயளா எலைக்கு!

ஜேசுதாசன்: பின்ன? எங்கய்யா காலத்துல இருந்து முப்பத்தோரு வருசம்ட்டி. அசனத்துக்கு நம்ம தோட்டத்துல இருந்து ஆயிரத்து இருநூறு வாழ எல. ஒண்ணுல ஒரு கிழிசல் காட்டிருவானா ஒருத்தன்? பனி காயதுக்கு முன்ன அறுக்கணும். வெயில் ஏறிட்டுன்னா மடக்கும்போதே நடுவுல ஒடஞ்சிரும். போதகரு ஜெபம் முடிச்சுக் கண்ணத் தொறந்ததும் என்னத்தான் பாப்பாரு. நான் தலைய ஆட்டணும். அப்பத்தான் பந்திக்கு மொத எல விழும். கெடா யாரு குடுத்தது, அரிசி யாரு குடுத்ததுன்னு கேட்டா முழிப்பானுவ. எல யாருதுன்னு தொட்டில்ல கெடக்க பிள்ளைக்கும் தெரியும்.

டார்லின்: எனக்கும் தெரியும். கட்டிக்கிட்டு வந்த வருசம் பந்தியில என் பக்கத்துல இருந்த அக்காகிட்ட, 'இது எங்க வீட்டு எல'ன்னு நானாச் சொன்னேன். அந்தக்கா கேக்கவேயில்ல.

ஜேசுதாசன்: அப்படிச் சொன்னியா? இத்தன நாளு சொல்லலியே.

டார்லின்: ஒங்களுக்கு இருக்க கர்வம் பத்தாதா?

ஜேசுதாசன்: இந்த வருசம் அதுக்கும் வழியில்ல. போன மாசக் காத்துல நானூறு வாழையும் சாஞ்சு போச்சு. நின்ன பத்துலயும் எல நாரு நாராத் தொங்குது. கமிட்டில பேப்பர் தட்டு வாங்கலாம்னு பேசிக்கிடுதாவ. பேப்பர் தட்டுல அசனம்!

டார்லின்: காத்து அடிச்சது ஒங்க குத்தமா?

ஜேசுதாசன்: குத்தம் இல்லட்டி. ஆனா நான் வெறுங்கையோட போயி, எவனோட எலையிலயோ தட்டுலயோ உக்காந்து... போதகரு பழக்கத்துல என்னத் திரும்பிப் பாப்பாரு. நான் எங்க பாக்க?

டார்லின்: அத்தான்... இன்னொரு பாடம் இருக்கு. சொல்லட்டா?

ஜேசுதாசன்: வேண்டாம்னா விடுவியா?

டார்லின்: குடுக்கவன் சூரியன், வாங்குதவன் நிலா. இப்பதைக்கு சூரியன்கிட்ட வாங்கித்தான் நிலா வெளிச்சம் காட்டுது. வரப்போற காலத்துல நிலாவும் சூரியனுக்குச் சமமா நிக்குமாம். வாங்குதவன் எப்படி சார் சமமாவான்னு கேட்டேன். அதுக்கு சாரு, வாங்க ஒருத்தன் கைய நீட்டலைன்னா குடுக்கவன் வச்சிருக்கது அவன் கையிலயே கெட்டுப் போகும்லான்னாரு. குடுக்கவன் செய்யத விட, வாங்கிக்கிடுதவன் அவனுக்குச் செய்யதுதான் பெருசாம். நான் தப்பாச் சொல்லிட்டனோன்னு இருக்கு.

ஜேசுதாசன்: சரியாத்தான் சொல்லுத. அதான்...

டார்லின்: ஒண்ணு கேக்கட்டா? சிவசைலம் அண்ணாச்சி ஏன் ரெண்டு வருசமா அசனத்துக்கு வரல?

ஜேசுதாசன்: எந்த சிவசைலம்?

டார்லின்: வாய்க்காலுக்கு அங்கிட்டு தோட்டம் வச்சிருக்க சிவசைலம் அண்ணாச்சி. நம்ம ஊருக்கு எத்தன சிவசைலம்?

ஜேசுதாசன்: அவருக்கு என்ன சோலியோ. அவரு அம்மன் கோயில் கொடை பாக்கவரு. நம்ம கோயிலுக்கு வரணும்னு சட்டமா?

டார்லின்: அதுக்கு முன்ன வருசா வருசம் குடும்பத்தோட வந்து சாப்பிட்டாவளே. சின்னவள நான்தான் மடியில வச்சு ஊட்டுவேன்.

ஜேசுதாசன்: நான்தான்ட்டி காரணம்.

டார்லின்: நீங்களா?

ஜேசுதாசன்: அவரு என்கிட்ட கேட்டாரு. 'லே ஜேசுதாசா, வருசா வருசம் கைய வீசிக்கிட்டு வந்து சாப்பிட்டுப் போறது கூச்சமா இருக்குலே. என் தோட்டத்துல ஒரு நூறு எல அறுத்துக்க'ன்னாரு. 'எங்க கோயிலுக்கு எங்க எல போதும் அண்ணாச்சி'ன்னேன். நாலு பேரு முன்ன, சிரிச்சுக்கிட்டே. மறு வருசமும் கேட்டாரு. மறுபடியும் அதையே சொன்னேன். அதோட அவரு வரத விட்டுட்டாரு. என்ன அப்படிப் பாக்காத.

டார்லின்: நான் பாக்கல. அவிய தோட்டத்துல தென்ன மறைவு இருக்கதால காத்துக்கு ஒண்ணும் ஆவல.

ஜேசுதாசன்: எனக்கா தெரியாது? தெனம் வரப்புல நின்னு பாக்கேன். ஒவ்வொரு எலையும் பாய் கணக்கா விரிஞ்சு நிக்கி.

டார்லின்: கேக்கலாம்லா?

ஜேசுதாசன்: எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு? நூறு வேண்டாம்னவன் போயி ஆயிரத்து இருநூறு கேக்கவா?

டார்லின்: நீங்க கேக்க வேண்டாம். அத்தான்... ஒங்ககிட்ட ஒண்ணு மறச்சுட்டேன். இன்னைக்கு மத்தியானம் அண்ணாச்சியே நம்ம வாசல்ல வந்து நின்னாவ. நீங்க உள்ள தூங்கிட்டு இருந்தீய. 'இந்த வருசமாச்சும் என் எலைய எடுப்பானாம்மா'ன்னு கேட்டாவ. நான் ஒங்களக் கேக்காமலே சரின்னு சொல்லிட்டேன்.

ஜேசுதாசன்: தூங்கலட்டி. அவரு கூப்பிட்டதும் கேட்டுச்சு, நீ சரின்னதும் கேட்டுச்சு. எந்திரிச்சு வர முடியாம செவுத்தப் பாத்துக் கெடந்தேன்... அந்த நோட்ட எடு. எழுது. நாளைக்கு வெள்ளன அஞ்சு மணிக்கு சிவசைலம் அண்ணாச்சி தோட்டத்துல எல அறுக்கணும், ஆயிரத்து இருநூறு. நானும் அவரும் அறுக்கோம், நீ அடுக்கிக் கட்டணும். மொத எலக்கட்ட அவரு தூக்கிட்டுப் போயி அவரு கையாலயே கோயில்ல எறக்கணும். நான் பின்னால வருவேன்.