முப்பதாம் நாள் அழைப்பு

விசாரணைக்கு உட்கார நீங்கள் கொடுத்த நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. பரவாயில்லை, ஒரு தாளை நாலாக மடித்து அடியில் வைத்துவிட்டேன். உங்கள் மேசையில் இருந்த தாள்தான். வெற்றுத் தாளா என்று இரண்டு பக்கமும் பார்த்துத்தான் எடுத்தேன். ஆடுகிற எதையும் என்னால் அப்படியே விட்டுவைக்க முடியாது. என் அக்கா இதை வியாதி என்பாள். ஆஸ்பத்திரியில் இதற்குப் பெயர் திறமை.

இருபத்திரண்டு வருடமாக அங்கே பதிவேட்டுப் பிரிவில் இருக்கிறேன். அடித்தளத்தில், சலவை அறைக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் என் அறை. என்னைத் தேடி அங்கே யாரும் வந்ததில்லை. வந்தவர்கள் எல்லாரும் வழி தவறி வந்தவர்கள். "எக்ஸ்ரே எடுக்கிற இடம் எங்க சார்?" என்பார்கள். காட்டிவிடுவேன். அதனால் தலைமை அறுவை மருத்துவர் ஒருநாள் படியிறங்கி வந்து என் வாசலில் நின்றபோது, அவரும் எக்ஸ்ரே கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து கையை நீட்டினேன். அவர் அதைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் அவரைப் பெரியவர் என்போம். வயது நாற்பத்தேழுதான். நடையில் ஒரு எண்பது தெரியும்.

அவருடைய யோசனை எளிமையானது. வயிற்றுச் சுவர் ஓரிடத்தில் நைந்துபோய்க் குடல் பிதுங்கி நிற்குமே, குடலிறக்கம், அதற்கு உள்ளே ஒரு வலை வைத்துத் தைப்பார்கள். நோயாளிக்குச் சர்க்கரை அதிகமாக இருந்தால், "குறைச்சுட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்புவது வழக்கம். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. அப்படிக் காத்திருக்கத் தேவையே இல்லை என்பது பெரியவரின் நம்பிக்கை. சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்கள் முந்நூறு பேர், இல்லாதவர்கள் முந்நூறு பேர். இரண்டு கூட்டத்துக்கும் அறுவை செய்து, யாருக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

பார்ப்பது என் வேலை. முப்பதாம் நாள் ஒவ்வொருவருக்கும் போன் செய்வேன். புண் ஆறியதா, சீழ் வைத்ததா, மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களா, ஆள் இருக்கிறாரா. அந்தக் கடைசிக் கேள்வியை முதலில் கேட்டுவிடுவது நல்லது என்று மூன்றாவது அழைப்பிலேயே தெரிந்துகொண்டேன்.

ஆய்வு பாதி முடிந்திருந்தபோது பெரியவர் மறுபடி வந்தார். "எப்படி வருது?" என்று கேட்டார். "நல்லா வருது சார்" என்றேன். பொய் என்று எழுதிவிடாதீர்கள். அப்போது நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "நீங்க இல்லன்னா இந்த ஆராய்ச்சியே இல்ல. கட்டுரைல உங்க பேரும் வரும்" என்றார். என் பெயர் அதுவரை அச்சில் வந்தது இரண்டே இடத்தில்தான்: வாக்காளர் பட்டியலில், தப்பாக; தொலைபேசிப் புத்தகத்தில், வேறொருவருடைய எண்ணோடு.

அவர் போன பிறகு எண்ண ஆரம்பித்தேன். ஆய்வு முடிந்தபோது உண்மையான கணக்கு இது: சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்களில் பன்னிரண்டு பேருக்குச் சீழ், இரண்டு மரணம். அதிகம் இருந்தவர்களில் நாற்பத்தாறு பேருக்குச் சீழ், ஒன்பது மரணம்.

நல்லா வருது என்று சொல்லியாகிவிட்டது. அதை இனி நிஜமாக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த ஆய்விலும் 'தொடர்பில் இல்லாதவர்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. எண் மாறிப்போனவர்கள், ஊர் மாறிப்போனவர்கள், மருத்துவமனை என்றதும் போனை வைத்துவிடுகிறவர்கள். மரியாதையான கட்டம்தான், உலகத்தில் எல்லாக் கட்டுரையிலும் இருக்கிறது. ஒரு தச்சருக்குப் போன் செய்தபோது அவர் மனைவி எடுத்து, "அவர் போயிட்டாருங்க" என்றார். எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை. வெளியூர் போயிருக்கலாம். 'தொடர்பில் இல்லை' என்று எழுதினேன். அந்த அம்மாள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் என் படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

அப்படி ஏழு பேரை மாற்றினேன். சீழ் வைத்தவர்களில் முப்பத்தோரு பேர். மரணம் இரண்டுக்கு இரண்டு என்று அட்டவணை நின்றது. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

கட்டுரை வந்தது. என் பெயர் நான்காவது. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன், அக்கா வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். அக்கா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அத்தான் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். என்னையும் மூன்று தடவை லைசென்ஸ் தேர்வுக்கு அனுப்பி, மூன்று தடவையும் தலையில் அடித்துக்கொண்டவர். "மாப்ளே, நாலாவது சீட்டுல உக்காந்து வந்தவன் நான்தான் வண்டி ஓட்டினேன்னு சொல்லிக்கக் கூடாது" என்றார். சிரித்தேன். அவர் கேலி செய்தால் கோபம் வராது. ஆனால் ஓட்டியது யார் என்று அவருக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்காக யாரையும் திருப்பி அனுப்பவில்லை. இன்னும் ஒரு வருடம் தொடர்ந்து கவனிக்கச் சொன்னார்கள். நானும் தொடர்ந்தேன். பழகிய கை.

ஒரே ஒரு தொந்தரவு, புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். ஒரு பள்ளிக்கூட நோட்டோடு கீழே வந்தார். வழி கேட்டு வந்தவர் இல்லை.

"சார், இந்த மாசம் என் நோட்டுல பதினோரு பேருக்குச் சீழ். உங்க பட்டியல்ல மூணு பேர்தான். மிச்சம் எட்டு பேர் எங்க சார்?"

"வேற வார்டு ஆளுங்களையும் சேர்த்து எழுதியிருப்பீங்கம்மா."

"புண்ணைப் பாத்து எழுதினது சார். பட்டியலைப் பாத்து எழுதல."

நல்ல பதில். எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் பெரியவரிடம், சீழ் ஏதாவது வந்தால் அது கட்டுப் போடும் கையின் சுத்தத்தைப் பொறுத்ததாக இருக்கலாம் என்று ஒரு சந்தேகத்தை மட்டும் சொன்னேன். அந்த வாரமே நர்ஸைக் கண் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே வேலை இலகு. அதை நினைத்தும் நான் திருப்திப்பட்டேன்.

பிறகு அத்தானுக்குக் குடலிறக்கம் வந்தது. வலி பெரிதாக இல்லை. சீட் பெல்ட் உறுத்துகிறது என்பதுதான் அவர் புகார். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறையில் மூன்று பேரும் இருந்தோம்.

"டேய், நீதானே அந்த ஆராய்ச்சி பண்ணினவன்" என்றாள் அக்கா. "இப்பவே பண்ணிக்கட்டுமா, இல்ல சர்க்கரையைக் குறைச்சுட்டா? டாக்டர் சொல்றது இருக்கட்டும். நீ சொல்லு."

"ஆமா மாப்ளே, உன் வாய்ல வரட்டும்" என்றார் அத்தான். "மூணு மாசம் இனிப்பைத் தொடாம இருன்னு இவகிட்ட மட்டும் சொல்லிடாதே."

எனக்குத் தெரியும். உலகத்தில் என் ஒருவனுக்குத்தான் சரியாகத் தெரியும். 'பொறுங்க அத்தான்' என்று இரண்டு வார்த்தை. ஆனால் ஏன் என்று அக்கா கேட்பாள். அத்தான் வாயில் எதுவும் தங்காது. லைசென்ஸுக்கு வருகிற அத்தனை பேரிடமும் சொல்லிச் சிரிப்பார். ஒருவருக்காக அறுநூறு பேர் ஆய்வைக் கலைப்பது முறையாகவும் படவில்லை.

"காத்திருந்தாலும் ஒண்ணுதான், காத்திருக்கலேன்னாலும் ஒண்ணுதான் அக்கா" என்றேன். "அச்சுலயே வந்திருக்கே."

அறுவை அரங்குக்குத் தள்ளுவண்டியில் படுத்துப் போகும்போது அத்தான் என்னைக் கூப்பிட்டார். "மாப்ளே, இதுல பிரேக் எங்க இருக்குன்னு கேட்டு வை" என்றார். தள்ளிக்கொண்டு போனவர்கூடச் சிரித்தார்.

ஆறாம் நாள் காய்ச்சல். ஒன்பதாம் நாள் மறுபடி திறந்து வலையை எடுத்தார்கள். கண் பிரிவிலிருந்து அந்த நர்ஸ் கேள்விப்பட்டு வந்து, யாரும் கேட்காமலே தினமும் இரண்டு வேளை கட்டு மாற்றினார். சுத்தமான கை. பதினேழாம் நாள் அத்தான் என்னிடம், "என்ன மாப்ளே, உன் கணக்குல நான் எந்தப் பக்கம்?" என்றார். கேலியா, கேள்வியா என்று எனக்குப் புரியவில்லை. பத்தொன்பதாம் நாள் இறந்தார்.

முப்பதாம் நாள் என் பட்டியலில் அவர் எண் வந்தது. விதிப்படி அழைத்தேன். அக்கா எடுத்தாள்.

"டேய், எதுக்குடா அவர் போனுக்கு அடிக்கிற?"

"தெரியாம கை பட்டுடுச்சுக்கா."

வைத்துவிட்டு, 'தொடர்பில் இல்லை' என்று எழுதினேன்.

அந்த மாதப் பட்டியல் வார்டுகளுக்குப் போனதும், நர்ஸுக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. மற்றவர்களைப் பற்றி அவரிடம் நோட்டு மட்டும்தான் இருந்தது. அத்தானை அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார். பட்டியலைக் கொண்டுபோய்ப் பெரியவர் முன்னால் வைத்துவிட்டார். பெரியவர் என்னைக் கூப்பிட்டார். அன்று அவரால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"நான் இப்படிப் பண்ணச் சொன்னேனா?" என்றார்.

"நீங்க எதுவுமே சொல்லல சார்" என்றேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்லியிருந்தால் முதல் வரியிலேயே அவர் பெயரைச் சொல்லியிருப்பேன். எனக்கும் பாரம் குறைந்திருக்கும்.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "உனக்கு அன்னிக்கே தெரியுமாடா?" என்றாள். "தெரியும்கா" என்றேன். அவள் என் சட்டைகளையும் சேர்த்து மடித்து முடித்து, மாடிப்படியின் முதல் படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நீங்கள் கேட்ட எண்ணிக்கை இதுதான். முதல் ஆய்வில் இறந்தவர்களில் நான் மறைத்தது ஏழு. அந்தக் கட்டுரையை நம்பி, காத்திருக்காமல் அறுவை செய்துகொண்டு இறந்தவர்கள் பதினொன்று. அதையும் மறைத்தேன். மொத்தம் பதினெட்டு; என் அத்தான் கடைசி. ஒவ்வொன்றும் என் கையால் எழுதியது. யாரும் தூண்டவில்லை, யாருக்கும் தெரியாது.

உங்களைப் பார்த்தால் என்னைக் கெட்டவன் என்று முடிவு செய்துவிட்டீர்கள் போலிருக்கிறது. இருக்கட்டும். ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் எழுதுங்கள்: பதினெட்டுப் பேரையும் நான் ஒரே மாதிரிதான் நடத்தினேன். சொந்தக்காரர் என்பதற்காக அத்தானுக்கு எந்தச் சலுகையும் காட்டவில்லை.