குறையில்லாத டார்ச்

கார்களுக்கு விளக்கு மாட்டுகிறவன் வீட்டில் டியூப்லைட் இப்படி மினுக்கிக்கொண்டிருக்கிறதே என்று நினைக்காதீர்கள் சார். நாள் முழுக்க அடுத்தவர் வண்டிக்கு வெளிச்சம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், ஏணியை எடுக்க அலுப்பாக இருக்கிறது. என் தங்கையும் இதைச் சொல்லித்தான் தினமும் என் காதைக் குடைகிறாள். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். அவள் மாப்பிள்ளையைச் சக்கர நாற்காலியில் வைத்து பிசியோதெரபிக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். வருவதற்குள் பேசி முடித்துவிடலாம்.

உங்கள் லிஃப்ட் கம்பெனியின் விசாரணை அறிக்கையைப் படித்தேன். மாப்பிள்ளை மேல் தவறில்லை என்று எழுதியதற்கு ரொம்ப நன்றி. ஆனால் ஒரே ஒரு இடத்தைப் பார்த்த பிறகு சாட்சியாகக் கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. 'வீட்டில் மாற்றியமைக்கப்பட்ட, குறைபாடுள்ள டார்ச் லைட்' என்று போட்டிருக்கிறீர்களே, அந்த இடம். நான் மாட்டிக் கொடுத்த விளக்கு ஒன்றுகூட இதுவரை பழுது என்று பட்டறைக்குத் திரும்பி வந்ததில்லை சார். அந்த டார்ச்சிலும் குறை கிடையாது. அதைச் சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு தங்கையை வளர்த்தது நான்தான். அவளுக்காகவே நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள் என்று அவள் பலமுறை சொன்னாள். அது வேறு விஷயம். ஓர் ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடியில் மருந்துக் கவுண்டரில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் அங்கே லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அவள் மட்டும். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அண்ணா, மேலேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்குது. 'பயப்படாதீங்க மேடம், நான் லிஃப்ட்காரன்'னு சொல்லுது. ஒரு டார்ச் அடிச்சாரு பாரு, மின்மினிப் பூச்சியே தேவலாம். அவர் மூஞ்சி எனக்குத் தெரியல, என் மூஞ்சி அவருக்குத் தெரியல. லிஃப்ட் கிளம்புற வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தோம்."

"மூஞ்சியே தெரியாம அப்படி என்ன பேச்சு?"

"தெரிஞ்சிருந்தா பேசியிருக்கவே மாட்டேனே."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன்.

அதற்கு முன்பும் அவளுக்கு இரண்டு வரன் வந்ததுண்டு. முதலாமவர் பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான மனிதர். அவருடைய அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, தங்கைக்கு அவ்வப்போது வலிப்பு வரும் என்று சொன்னேன். அவளுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆனால் வந்தால் எப்படி நடந்துகொள்வார்கள் என்று தெரிய வேண்டுமில்லையா? மறுநாளே ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பேர்ப்பட்ட வீட்டில் பெண்ணை எப்படிக் கொடுப்பது? இரண்டாவதாக வந்தவருக்கும் அதே பரீட்சைதான். அவரும் தேறவில்லை. தங்கை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, பிறகு சரியாகிவிட்டாள்.

லிஃப்ட்காரர் பெண் கேட்டு வந்தபோது அவரிடமும் அதையே சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"வந்தா என்ன பண்ணணும்னு சொல்லிக் குடுங்க மச்சான். கத்துக்கறேன்" என்றார்.

கல்யாணம் பேசி முடியுமுன்பே மச்சான் என்று கூப்பிட்ட ஆள் அவர். அதைவிட, நான் சொன்னதைத் தங்கையிடம் ஒரு வார்த்தைகூட அவர் கேட்கவில்லை. அவள் மனம் நோகுமாம். இப்படிப்பட்ட ஒருவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

நிச்சயம் முடிந்தது. தங்கைதான் ஆரம்பித்தாள். "அண்ணா, ஊர்ல இருக்கிற வண்டிக்கெல்லாம் ஹெட்லைட் மாத்துற. அவர் டார்ச்சைக் கொஞ்சம் பாரேன். லிஃப்ட் மேல ஏறி நின்னு அந்த அழுமூஞ்சி வெளிச்சத்துலதான் வேலை பார்க்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். அவரிடம் ஒரு பழக்கம். டார்ச் எரியவில்லை என்றால் உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுவார், பிறகு கண்ணாடிப் பக்கத்தைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி உள்ளே எட்டிப் பார்ப்பார். பல்பு உள்ளேயிருந்து ஏதாவது பதில் சொல்லும் என்பது போல. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேலையை மனசாரத்தான் செய்தேன். உயர்ரகக் கார்களின் ஹெட்லைட்டில் போடும் பல்பைத் தெரியுமா உங்களுக்கு? உள்ளே எரியும் கம்பியே இருக்காது. சின்னக் கண்ணாடிக் குமிழுக்குள் வாயு, எதிரெதிரே இரண்டு முனைகள். அவற்றுக்கு நடுவே மின்சாரத்தைத் தாவ வைக்க வேண்டும். அந்த முதல் உதையைக் கொடுக்க பேலஸ்ட் என்று ஒரு சின்னப் பெட்டி. முதலில் நீலம் பூக்கும், பிறகு வெள்ளை ஏறும். பழைய டார்ச்சின் பிளாஸ்டிக் கிண்ணம் அந்தச் சூட்டுக்கு உருகிவிடும் என்பதால் அலுமினியக் கிண்ணம் கடைந்து போட்டேன். கட்டை பேட்டரியை எடுத்துவிட்டு, துளை போடும் மெஷினின் பேட்டரியைப் பிரித்துக் கைப்பிடிக்குள் அடுக்கினேன். பேலஸ்ட்டுக்கு இடம் போதாமல் கழுத்தை நீட்டினேன். பார்க்கச் சின்னப் பீரங்கி மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் அவர்களிடம் கொடுத்தேன். சுவிட்ச் போட்டதும் பட்டென்று பற்றிக்கொண்டது. தெருக்கோடியில் இருக்கும் உயரக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியில் மாப்பிள்ளை வெளிச்சம் அடித்தார். அங்கே துணி எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "யாருய்யா அது? போலீஸா?" என்று கத்தினார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"மச்சான், இது டார்ச் இல்ல, கைப்பிடி வச்ச சூரியன்" என்றார் அவர். அப்படியே பேச்சோடு பேச்சாக, "புது ஊர் பிராஞ்சுக்கு எடுத்துட்டுப் போனா எல்லாரும் அசந்துடுவாங்க" என்றார்.

எந்த ஊர் என்று கேட்டேன். கல்யாணம் முடிந்த கையோடு அவருக்கு மாற்றல் ஆகிறதாம். இராத்திரி ரயிலில் ஏறினால் விடிந்துதான் போய்ச் சேரும் தூரம். தங்கைக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"கவலைப்படாத அண்ணா. உனக்கு ஒரு மெஸ்ல சொல்லி வச்சுட்டுதான் போவேன்" என்றாள்.

சாப்பாட்டுக்காக நான் வருந்தினேன் என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பாடு எங்கும் கிடைக்கும். அவளை நினைத்துத்தான். முன்பின் தெரியாத ஊர், உயரத்தில் வேலை பார்க்கும் கணவன். எந்த நேரத்தில் என்ன சேதி வருமோ என்று தினமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பாள். அந்தக் கஷ்டம் அவளுக்கு வரக்கூடாது.

ஒரு வாரம் போனதும், தோளில் மாட்டும் வார் தளர்ந்திருக்கிறது என்று சொல்லி டார்ச்சைத் திரும்ப வாங்கினேன். தாமதத் துண்டு என்று எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. சுவிட்ச் போட்டதும் மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துப் பிறகு விடும். காரில் பேட்டரியைக் காப்பாற்றப் போடுவோம். அதைச் சுவிட்சுக்கும் பேலஸ்ட்டுக்கும் நடுவில் சேர்த்தேன். எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது என்பதுதான் கேள்வி. உள்ளங்கையில் இரண்டு தட்டு, திருப்புவது, எட்டிப் பார்ப்பது, அவ்வளவு நேரம்.

ஊகத்தில் வேலை செய்வது எனக்குப் பிடிக்காது. பல்பின் வயரைக் கழற்றிவிட்டு, பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் டார்ச்சைக் கொடுத்து நேரத்தை எண்ணிப் பார்த்தேன். பக்கத்து டயர் கடைக்காரர் தட்டிப் பார்த்து, "என்னய்யா, செத்துப்போச்சா?" என்று முகத்துக்கு நேரே பிடித்தார். கூரியர் கொண்டு வந்தவர், ஹாரன் மாற்ற வந்த வக்கீல் அம்மா, எல்லாரும் அதையேதான் செய்தார்கள். வக்கீல் அம்மா மட்டும் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மனிதர்கள் எல்லாருக்கும் இருட்டிடம் ஒரே மாதிரி நம்பிக்கை இருக்கிறது சார். அதைப் பார்க்க எனக்கு மனம் நெகிழ்ந்துபோனது.

வயரைத் திரும்ப மாட்டி மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். வாரை மட்டும்தான் சரிசெய்தேன் என்றேன். எரிய வைத்துப் பார்க்கப் போனார். "பேட்டரி வீணாப் போகும். வேலைல போட்டுப் பாருங்க மாப்பிள்ளை" என்றேன். லிஃப்ட்டின் கூரைமேல் நிற்க எவ்வளவு இடம் இருக்கும் என்றும் அன்றுதான் கேட்டேன். "ஒரு ஒத்தைக் கட்டில் அளவு மச்சான். சில பழைய கட்டடத்துல ஒரு பக்கம் தடுப்பே இருக்காது. அங்கல்லாம் கண்ணுதான் நமக்குக் கைப்பிடி" என்றார். அழகாகப் பேசுவார்.

மீதி உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. பழைய கட்டடம், இருட்டுக் குழி, ஒரு பக்கம் தடுப்பு இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "எரியலையேன்னு உள்ள பார்த்தேன் மச்சான். பளீர்னு வந்துச்சு. அதுக்கப்புறம் எல்லாம் ஒரே வெள்ளை. ஒரு அடிதான் பின்னாடி வச்சேன். நீங்க ஆசையா செஞ்சு குடுத்ததைப் போட்டு உடைச்சுட்டேனோன்னுதான் விழும்போது நினைச்சேன்."

உடையவில்லை என்று சொல்லி ஆறுதல்படுத்தினேன். அலுமினியக் கிண்ணத்தில் ஒரு சொட்டை, அவ்வளவுதான்.

கண் நன்றாகத் தெரிகிறது. இடுப்புக்குக் கீழேதான் உணர்வு எதுவும் இல்லை. தங்கை அந்த வார்டிலேயே கல்யாணம் செய்துகொண்டாள். நான்தான் முன்னால் நின்று நடத்தினேன். மாற்றல் ரத்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு மூன்றாவது மாடி. எங்கள் வீடு தரைத்தளம். எது வசதி என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இப்போது மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். உயரத்தில் வேலை பார்க்கும் கணவன் என்ற கவலை அவளுக்கு இனி கிடையாது. முன்புபோலச் சிரிப்பதில்லை, உண்மைதான். ஆனால் சரியாகிவிடுவாள். இரண்டு தடவை சரியாகியிருக்கிறாளே.

ஆகவே சார், நான் நினைத்தபடி, நினைத்த நேரத்தில் எரிந்த விளக்கு அது. அவர் அதை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும், கால் தவற வேண்டும் என்றுதான் செய்தேன். குறைபாடு என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். தங்கையிடம் சொல்ல வேண்டாம். தாங்க மாட்டாள். அவளுக்கென்று என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே எரிய வைத்துப் பாருங்கள். இந்தாருங்கள், கனமாக இருக்கும். சுவிட்ச் கட்டைவிரலுக்கு அடியில். ஆம், அதுதான். எரியவில்லையா?

பார்த்தீர்களா, நீங்களும் திருப்புகிறீர்கள். சுவரைப் பார்த்துப் பிடியுங்கள் சார், சுவரைப் பார்த்து. நல்ல வேளை, நான் பக்கத்தில் இருந்தேன். ஒருவருக்கு அடிபடப் போகிறது என்று தெரிந்தும் சும்மா இருக்க என்னால் முடியாது. சின்ன வயதிலிருந்தே என் சுபாவம் அது.