சூரியனுக்கு அம்மை

பழவேற்காட்டுத் துறையை விட்டு நாங்கள் ஏறியிருந்த தோணி கிளம்பியதுமே, இறால் கூடைக்காரி ஒருத்தி தோணிக்காரரிடம் புலம்ப ஆரம்பித்துவிட்டாள்.

“கோட்டையில இருக்கிற ஒல்லாந்து துரை இனிமே மீனே வாணாம்னுட்டாருண்ணே. எல்லாம் என் வாயால வந்தது.”

“இன்னா சொல்லித் தொலைச்சே?”

“தூரக்கண்ணாடி வழியா சூரியனைக் காகிதத்துல வுழ வெச்சுக் காட்டினாரு. சூரியன் மூஞ்சியில அங்கங்க கருப்புப் புள்ளி. இந்தப் புள்ளி வந்ததுலேருந்து பொட்டியில இருக்கிற காந்த ஊசி நடுங்குதே, ஏன்னு கேட்டாரு. சூரியனுக்கு அம்மை போட்டிருக்கு, அந்த ஜொரத்துலதான் ஊசியும் நடுங்குதுன்னுட்டேன்.”

“அப்புறம்?”

“அம்மைக்கு நீங்க இன்னா செய்வீங்கன்னாரு. வேப்பிலை சொருகுவோம், தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் வீட்ல மீனே சமைக்க மாட்டோம்னேன். இப்போ அந்தக் கண்ணாடிக் குழாய்ல வேப்பிலை தொங்குது! சூரியனுக்கு யாருண்ணே போய்த் தண்ணி ஊத்துறது?”

தோணிக்காரர் கோலை ஊன்றியபடி கிழக்கே பார்த்தார்.

“அவருதான் தினம் கடல்ல தலைமுழுகிட்டு எழுந்து வர்றாரேம்மே!”

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“கோட்டைக்கே திருப்புண்ணே தோணியை!”

தோணி திரும்பியது. உள்ளே இருந்த எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.